நான் கொடுத்த வியாழக்கிழமை

வந்த காரணம் என்ன என்று கேட்ட குடிவரவு அதிகாரியிடம், "சிநேகிதியைப் பார்க்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான். விஜயா செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அந்த மனிதர் தலை நிமிராமல், "அவருடைய முகவரி?" என்றார். வலியசாலை, கோயில் பக்கத்துத் தெரு என்று எழுதிக் கொடுத்தேன். "ஃபோன் நம்பர்?" விஜயாவின் நம்பரையே எழுதினேன். இந்த ஊரில் வேறு எந்த நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை. அவர் முத்திரையைக் குத்திக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார்.

கொழும்பிலிருந்து திருவனந்தபுரம் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம்தான். நான் பிறந்த மன்னாருக்குக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போனால் இதைவிட எத்தனையோ மடங்கு நேரம், இடுப்பும் உடைந்துபோகும். இத்தனை பக்கத்தில் இருந்தவளை இருபத்திரண்டு வருடத்தில் இரண்டே தரம்தான் வந்து பார்த்திருக்கிறேன். வெட்கக்கேடு.

எங்கள் சிநேகிதம் காத்மாண்டுவில் தொடங்கியது. இளம் பெண் வழக்கறிஞர்களுக்கு மூன்று வார மனித உரிமைப் பயிற்சி. பல நாடுகளிலிருந்து ஒன்பது பேர். ஹீட்டர் வேலை செய்யாத ஓர் அறை எனக்கும் விஜயாவுக்கும் வாய்த்தது. ஏன் என்று தெரியாது, மற்ற ஏழு பேரும் தங்கள் சூடான அறைகளை விட்டுவிட்டு மாலையானால் அங்கே வந்து போர்வைக்குள் கிடந்து சட்டம் பேசிச் சண்டை போடுவார்கள். கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுதோம். எந்த நாட்டில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் ஒரு ஃபோன் போதும் என்று சத்தியம் செய்தோம். பிறகு அவரவர் ஊருக்குப் போய்ப் பெரிய மனுஷிகளாகிவிட்டோம். வாட்ஸ்அப் வந்தபோது 'குளிர் அறை' என்று ஒரு குழு தொடங்கினோம். அதில் பிறந்தநாள் கேக், தீபாவளி விளக்கு, பெருநாள் பிறை, பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம். சத்தியத்தை ஞாபகம் வைத்திருந்தவள் விஜயா ஒருத்திதான்.

அலோசியஸைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மன்னார்ப் பேசாலையைச் சேர்ந்த கடற்றொழிலாளி. பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற காலத்தில், பிழைக்க வழி தேடிப் படகேறி வந்து கேரளக் கரையில் பிடிபட்டவர். அனுமதியில்லாமல் வந்ததற்கான தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்தார். அதன் பிறகு, ஊருக்கு அனுப்பும்வரை தங்கியிருக்க என்று ஓர் 'இல்லத்தில்' வைத்தார்கள். வைத்தார்கள், வைத்தார்கள், ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவருடைய அடையாள அட்டை கடலோடு போயிருந்தது. அவர் யார் என்பதற்கு அசல் பத்திரங்கள் வேண்டும். அவை வந்தால் அனுப்பிவைக்க நீதிமன்றம் உத்தரவு போடும்.

அந்தப் பத்திரங்களை எடுத்துத் தருவது என் வேலை. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், இவ்வளவுதான். மாதா மாதம் இரண்டாம் சனிக்கிழமை விஜயா எழுதுவாள்: "இன்னிக்கு அவரைப் பாத்துட்டு வந்தேன். பேப்பர் என்னாச்சு?" நான் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்புவேன். அந்தக் கட்டைவிரல்களைச் சேர்த்தால் ஆறு மாதம். எனக்கு வேலை அதிகமாம்.

கடைசியில் மன்னாருக்குப் போனபோது அலோசியஸின் மனைவி ஸ்டெல்லா சிறுமி போடுகிற, முழங்காலை மூடும் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்காகத் தைத்தது. கோயிலில் மற்றப் பிள்ளைகளோடு போன வருடமே வாங்கியிருக்க வேண்டும். அப்பா வரட்டும் என்று ஒரு வருடம் தள்ளிவைத்தார்களாம். "கீழ்மடிப்பைப் பிரிச்சு இறக்கிப்போட்டன் மிஸ். இனி இறக்கத் துணியில்லை," என்றாள். இந்த வருடம் ஈஸ்டர் கழிந்த இரண்டாவது ஞாயிறு என்று பங்குச் சுவாமி நாள் குறித்திருந்தார். அதற்கு முன் அலோசியஸ் ஊரில் இருக்க வேண்டும். எல்லாப் பத்திரமும் சேர்ந்தது, தற்காலிகப் பயணப் பத்திரமும் மாதக் கடைசி வரைக்கும் செல்லும்படி கிடைத்தது. நான் நேரில் கொண்டுவருவதாகச் சொன்னேன். விஜயா வழக்குக்கு வியாழக்கிழமையை வாங்கினாள். வெள்ளியிலிருந்து கோடை விடுமுறை, அதனால் அதுதான் கடைசி நாள். தேதி வாங்கிய பத்தாம் நாள் அவள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் பிந்து என்ற வழக்கறிஞர் கூப்பிட்டார். இங்கே வழக்கறிஞர் சங்கத்தின் செயலாளர். விஜயாவின் வழக்குகளில் சிலவற்றைப் பொறுப்பேற்றவர், அலோசியஸின் வழக்கும் அதில் ஒன்று. மலையாளமும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இது: "விஜயா சேச்சிக்கு அனுதாபக் கூட்டம் வைக்கிறோம். நீங்கள் பேச வேண்டும். என்றைக்கு இங்கே இருப்பீர்கள்? அன்றைக்கே வைத்துக்கொள்கிறோம்." எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். எப்படியும் வழக்குக்காக வருகிறேன், காலையில் கூட்டம், பிறகு வழக்கு என்று நினைத்து, "வியாழக்கிழமை" என்றேன். அந்தத் தேதியை நான்தான் கொடுத்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் தம்பானூர் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வலியசாலை போனேன். ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். கொழும்பில் இந்நேரம் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். தெருவுக்குள் திரும்பியதும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். விஜயா வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை.

அவள் கணவர் சுப்ரமணியம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து, "வாங்கோ வாங்கோ. யாத்திரை சௌகரியமா இருந்துதா? இரிங்கோ," என்றார். நான் தேற்ற வந்தவள். அவர் எனக்கு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். மேசைமேல் விஜயாவின் ஃபோன் சார்ஜில் கிடந்தது.

"அணைக்க மனசு வரலை கேட்டேளா. உங்க குரூப்லேர்ந்து பூ வந்துண்டே இருக்கு. ஒருத்தி தினம் மெழுகுவர்த்தி அனுப்பறா."

"எங்களுக்கு அதுதான் தெரியும் அண்ணா," என்றேன்.

அவர் சிரிக்க முயன்றார். பருப்புப் போளியும் அதன்மேல் ஊற்றிச் சாப்பிடப் பால் பாயசமும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் கொடுத்ததாம். இனிப்பின்மேல் இனிப்பை ஊற்றிச் சாப்பிடும் இந்த ஊர் வழக்கத்தை நான் விஜயாவிடம் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குப் பேசாமல் தின்று முடித்தேன். விஜயாவின் கிளார்க் தங்கராஜ் கோப்போடு வந்தார். மார்த்தாண்டத்துக்காரர், அவளோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவர். நான் கொண்டுவந்த அசல்களை வாங்கி, வரிசை பார்த்து, துளை போட்டுக் கட்டினார். "எல்லாம் ரெடியாக்கும் மேடம். இனி ஒரு குறையும் இல்ல," என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஒருவருக்கும் நாளைக்கு என்ன நடக்கும் என்று பேசத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை. லாட்ஜுக்குக் கீழே புட்டும் கடலையும். எங்களுடைய பிட்டு ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்து உதிர்ந்து கிடக்கும். இங்கே குழாயிலிருந்து முழுசாக வந்து நிற்கிறது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிமன்ற வளாகம் புதுக்கடை மாதிரியேதான். கொழும்பில் எங்கள் நீதிமன்றங்கள் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். அதே கறுப்புக் கோட்டு, அதே வியர்வை, வராந்தாவில் கோப்பைக் கட்டிப்பிடித்தபடி அதே சனம். கூட்டம் பெரிய மன்றத்தில். எல்லார் சட்டையிலும் கறுப்புத் துணி குத்தியிருந்தது. விஜயாவின் படத்துக்கு மாலை. நீதிபதிகளும் வந்திருந்தார்கள். பிந்து பேசினார், இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நன்றாகப் பேசினேன். ஐயோ, எவ்வளவு நன்றாகப் பேசினேன்! குளிர் அறை, போர்வை, சத்தியம் எல்லாம் சொன்னேன். நாடுகளுக்கு எல்லை உண்டு, சிநேகிதத்துக்கு இல்லை என்றேன். மேடையில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். சங்கத் தலைவர் மலையாளத்தில் ஏதோ ஒரு வரி சொன்னார். சனம் கலைந்தது.

நான் நேராக அலோசியஸின் வழக்கு இருந்த மன்றத்துக்குப் போய் பின் வரிசையில் உட்கார்ந்தேன். மேலே நீதிபதியின் இருக்கையில் ஒருவரும் இல்லை. தேநீருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். இருபது நிமிடம் அப்படியே இருந்தேன். ஒரு பெண் வந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அப்போதுதான் தங்கராஜ் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஆருக்காக்கும் காத்திருக்கிய?"

"நீதிபதிக்கு. எங்களுடையது எத்தனையாவது வழக்கு?"

அவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு கேஸ் எடுக்கமாட்டாவ மேடம். அனுதாபக் கூட்டம் முடிஞ்சா அன்னைக்கு கோர்ட்டு இல்லை. மரிச்சவங்களுக்கு மரியாதை."

"எல்லா வழக்குமா?"

"எல்லாந்தான். பிரசிடெண்டு சொன்னாரே. நீங்க வக்கீலுல்லா, அறிஞ்சிருப்பியன்னு நெனச்சேன்."

எங்கள் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞர் இறந்தால் நீதிபதி நாலு வார்த்தை சொல்வார், நாங்கள் எழுந்து நிற்போம், உட்காருவோம், அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள். இறந்தவரின் வழக்கையே கூப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாகக் கறுப்புக் கோட்டுப் போடுகிறவள் நான். ஒரு தேதியைச் சொல்வதற்கு முன், அன்றைக்கு மன்றம் இருக்குமா என்று கேட்கத் தெரியவில்லை. தெரியாத ஊருக்குப் போகும் கட்சிக்காரர்கள்கூட அதைக் கேட்பார்கள்.

பிந்துவைத் தேடி ஓடினேன். வராந்தாவில் பரிப்பு வடையும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் ஒருவர் வடையைத் திணித்தார். அந்த வடையோடுதான் பிந்துவிடம் சண்டைக்குப் போனேன்.

"வழக்கு இன்று என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் திகைத்துப்போனார். "தெரியும். நீங்கள்தானே வியாழக்கிழமை என்றீர்கள்? வழக்கு தள்ளிப் போனாலும் பரவாயில்லை, சேச்சிக்காக நீங்கள் இருக்கும் நாளில் நடக்கட்டும் என்று நினைக்கிறீர்கள் என்று நினைத்தேன். துக்கத்தில் இருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது?"

மரியாதை! அவர் எனக்குக் காட்டிய மரியாதை, நான் அவருக்குக் காட்டிய மரியாதை, எல்லோருமாகச் சேர்ந்து விஜயாவுக்குக் காட்டிய மரியாதை. ஒருவரும் கெட்டவர் இல்லை.

"இப்போது நீதிபதியின் அறைக்குப் போய்க் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை."

பிந்து கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்று ஒருவரும் கவுன் போட்டு வழக்குக்கு நிற்கக் கூடாது. நானே செயலாளர். அதுவும் சேச்சியின் நாளில்…" என்று இழுத்தார். ஆனாலும் போனார். அதற்காக அவரை நான் எப்போதும் மதிப்பேன். பத்து நிமிடத்தில் திரும்பினார். பட்டியலில் இருந்த எல்லா வழக்குக்கும் ஏற்கெனவே தேதி போட்டாகிவிட்டது, நீதிபதி கிளம்பிவிட்டார். ஜூன். விடுமுறை நாளில் அவசர வழக்குகளை எடுக்கும் மன்றம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே சிறையில் இருப்பவர்களின் வழக்குதான் போகும். அலோசியஸ் சிறையில் இல்லை. இல்லத்தில் இருக்கிறார். இல்லத்தில் இருப்பவருக்கு என்ன அவசரம்?

நானே கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கலாம் என்றால், இந்த நாட்டில் நான் வெறும் சுற்றுலாப் பயணி. மேடையில் எல்லை இல்லை என்று முழங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் சுப்ரமணியத்திடம் சொன்னேன்.

"எங்கப்பா போன அன்னிக்கு இவ கோர்ட்டுக்குப் போனா. தெரியுமோ? யாரோ ஒருத்தனுக்கு ஜாமீன். பதினொரு மணிக்குப் போய் ஒண்ணரைக்கு வந்தா. தெருவே பேசித்து. நானும் ஒரு மாசம் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசலை." மேசையில் இருந்த ஃபோனைத் தள்ளி வைத்தார். "எனக்காக ஒரு நாள்கூட கோர்ட்டு நிக்கப்படாதுன்னு சொல்லுவா. கூட்டம் வச்சா கோர்ட்டு நின்னுடும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கணும். எல்லாரும் அவளைப் பத்திப் பேசறாளேன்னு ஆசையா இருந்துது."

இரண்டு பேருமாக வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. ஸ்டெல்லாவுக்கு ஃபோன் பண்ணும் வேலை மட்டும்தான். அதைக் காலை, பிறகு மத்தியானம் என்று தள்ளிக்கொண்டே போனேன். சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்தவர் தென்காசிப் பக்கம், கட்டட வேலை. "எந்த ஊரு நீங்க? பேச்சு புதுசா இருக்கே," என்றார். இலங்கை என்றேன். "அங்கயும் சோறு செவப்புத்தானா?" என்று கேட்டுவிட்டு, தன் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "இது இல்லாம இங்க ஒரு நாள் நிக்க முடியாது. மேஸ்திரி மொதல்ல இதைத்தான் கேப்பாரு. குளிக்கப் போனாக்கூட கையோடதான் வச்சிருப்பேன்." கடலோடு போன அலோசியஸின் அட்டையை நினைத்தேன். மீன்கறி நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு ருசி தெரியவில்லை.

ஸ்டெல்லா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. "அப்ப ஜூனோ?" என்றாள். மாதக் கடைசியோடு பயணப் பத்திரமும் காலாவதியாகிவிடும், அதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். "இந்த முறை தள்ளேலாது மிஸ். அவள் வகுப்பில எல்லாரும் வாங்கிட்டினம். பிள்ளை கேக்குறாள், நான் என்ன பாவம் செய்தனான் எண்டு." நான் மன்னித்துக்கொள் என்றேன். "சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு நான்தான் அழுதேன், லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, நன்றாகவே.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. இங்கே அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. இல்லத்தில் இருப்பவர்களை வெளியார் பார்க்கலாம், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. பொன்முடி போகும் சாலையில் ஓர் ஊரில் இறங்க வேண்டும் என்று தங்கராஜ் எழுதிக் கொடுத்திருந்தார். அரசு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு நாள் தூங்காத கண். விழித்தபோது பஸ் நின்றிருந்தது, வெளியே ஆற்றுச் சத்தம்.

"கல்லாறு," என்றார் கண்டக்டர். "அம்மா, நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்," என்று மலையாளத்தில் வருத்தப்பட்டார். என் ஊரென்றால் இந்த இடத்தில் பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கும். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு முக்கால் மணி. கல்லாற்றில் குடும்பம் குடும்பமாகச் சனம். பாறைமேல் நின்று படம் எடுக்கிறார்கள், கடைகளில் உப்பில் ஊறிய நெல்லிக்காய், பழம்பொரி. ஒரு தகப்பன் சின்ன மகளைத் தோளில் ஏற்றித் தண்ணீருக்குள் நடந்தான், அவள் கத்திக் கூச்சல் போட்டாள். பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு கட்டன் சாயா குடித்தேன். எங்கள் பிளேன்டீதான், இஞ்சிதான் இல்லை. மணி இரண்டே முக்கால் ஆகியும் பஸ் வரவில்லை. கடைசியில் ஜீப் ஒன்றில் இரண்டு அன்னாசிக் கூடைகளுக்கு நடுவே குந்திக்கொண்டு போய் இறங்கினேன். மூன்றரை.

வாசலில் ஒரு பதிவேடு. பெயர், யாரைப் பார்க்க, உறவு. பேனாவைப் பிடித்தபடி பழைய பக்கங்களைப் புரட்டினேன். விஜயாவின் கிறுக்கல் கையெழுத்து எனக்குத் தெரியும். போன மாதம், அதற்கு முந்தின மாதம், அதற்கும் முந்தின மாதம், ஒன்றுகூடத் தவறவில்லை. உறவு என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் சிநேகிதி என்று எழுதியிருந்தாள்.

"அவர் வக்கீல் ஆச்சே?" என்று காவலரிடம் கேட்டேன்.

"வக்கீல் என்றால் மனுப்போட்டு அனுமதி வாங்கி வேலை நாளில் வர வேண்டும்," என்றார் அவர் மலையாளத்தில். "சிநேகிதி என்றால் இன்றைக்கே போகலாம்."

நானும் அதையே எழுதினேன். இந்தப் பயணத்தில் அந்த வார்த்தை இரண்டாம் தடவை.

அலோசியஸ் ஒல்லியான மனிதர், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார். என் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரி என்று முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் பார்த்தார். "அம்மா பின்னால வாறாவா மிஸ்?"

அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஒன்பது பேர் குழுவில் பூவாகக் கொட்டிக்கிடந்த செய்தி, நூறு பேர் மௌனமாக நின்ற செய்தி, இவருக்கு வரவில்லை. சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிலுவை போட்டார்.

"போன முறை கால் நோகுது எண்டவ. அந்தப் பஸ்ஸில நிண்டு வந்தவவாம். இனி வராதேங்கோ அம்மா எண்டு நான் சொல்லியிருக்க வேணும்."

வழக்கைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது. இப்படி யாரும் எதுவும் செய்யாத வாக்கியங்கள் எங்கள் தொழிலில் ஒரு பெட்டி நிறைய உண்டு. அவர் முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"வழக்கு ஜூனுக்குப் போட்டுது. பிழை என்னில. அம்மான்ர கூட்டத்துக்கு வியாழக்கிழமையை நான்தான் குடுத்தனான். அண்டைக்குக் கோர்ட் நடக்காது எண்டு எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை."

பரவாயில்லை மிஸ் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"பிள்ளையின்ர முதல் நன்மை?"

"இந்த முறை வாங்கட்டாம். ஸ்டெல்லா சொல்லிட்டா."

"ம்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டினார். அலோசியஸ் எழுந்தார். "மிஸ், இனி ரெண்டாம் சனிக்கு ஆர் வருவினம்?"

"நான் வாறன்," என்றேன். யோசிக்காமல் சொன்னதுதான். மன்றத்தில் இப்படி யோசிக்காமல் உறுதி கொடுக்கும் இளையவர்களை நான் திட்டியிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் குளிர் அறைக்கு எழுதினேன். தயவுசெய்து இனிப் பூப் போட வேண்டாம். பொன்முடி சாலையில் ஓர் இல்லம் இருக்கிறது. மாதம் ஒரு தரம், இரண்டாம் சனிக்கிழமை, ஒருத்தி போக வேண்டும். மேயில் நான். மற்ற மாதங்களுக்கு யார்? எல்லோரும் பார்த்துவிட்டதற்கான நீலக் கோடுகள் வந்தன. நெடுமங்காடு வரைக்கும் ஒரு பதிலும் இல்லை. ஒருத்தி கை கூப்பினாள். ஒருத்தி குழுவை விட்டே போய்விட்டாள். பிறகு நேபாளத்துச் சரிதா எழுதினாள்: "எனக்கு இந்தியாவுக்குப் போக விசாவும் வேண்டாம். ஜூலை." கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. மேலே விஜயாவின் பெயரும் சிரித்த படமும்.

"ஜூன்ல நான் போறேன். பஸ் நம்பர் மட்டும் சொல்லுங்கோ. சுப்ரமணியம்."

மே மாதம் சொன்னபடி போனேன். தங்கராஜும் வந்தார், நான் மறுபடி தூங்கிக் கல்லாற்றில் போய் விழுந்துவிடக் கூடாதாம். ஜூன் தேதிக்குக் கவுனோடு காலையிலேயே நிற்பதாகப் பிந்து சொல்லி அனுப்பியிருந்தார். புதிய பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை. ஆகஸ்டுக்கு இன்னும் ஆள் இல்லை.

பதிவேட்டில் சிநேகிதி என்று எழுதிவிட்டு உள்ளே போய், ஸ்டெல்லா கொடுத்த படத்தை அலோசியஸிடம் கொடுத்தேன். கோயில் வாசலில் எடுத்தது. மகள் தலையில் பூமுடியோடு, கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறாள். அவர் வெளிச்சத்துக்குத் திரும்பி வெகுநேரம் பார்த்தார். பெருவிரலால், வெளியே தெரிந்த அவள் முழங்காலைத் தடவினார்.

"சட்டை கட்டையாப் போச்சு மிஸ்," என்றார்.